வடிவு வீட்டுப் பாட்டு விட்டு விட்டு வந்த கதை

நெட்டைக்கிணற்றுத் தெருவில் பாட்டு உடைந்து விழ ஆரம்பித்தது ஐப்பசி மழைக்குப் பிறகுதான் என்று சொல்லுகிறவர்கள் உண்டு, இல்லை, மழைக்கு முந்தியே பீரம்மா வீட்டு உலைப்பானையில் அரைப் பாட்டு கிடந்தது என்று அடித்துச் சொல்லுகிறவர்களும் உண்டு. நமக்கு எந்தக் கட்சியும் வேண்டாம், பாட்டு விழுந்தது, அது போதும், விழுந்த வீட்டை விட்டுவிட்டு அது கிளம்பின வீட்டுக்குப் போவோம்.

கிளம்பின வீடு செண்பகவடிவின் வீடு. பாளையங்கோட்டையில் பழைய வீடுகள் எல்லாம் அப்படித்தான், ரயில்பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாதிரி நீளமாகப் போகும். முன்னறை, அதற்குப் பின்னால் பீரோ இருக்கிற அறை, அப்புறம் சாமி அறை, சாப்பிடுகிற அறை, எல்லாம் தாண்டிக் கடைசியில் அடுக்களை. வாசலில் நின்று ஒருத்தர் கூப்பிட்டால் அடுக்களையில் இருக்கிறவளுக்குப் பேர் மட்டும் வந்து சேரும், சேதி வழியிலேயே நின்றுவிடும். அந்த வீட்டில் முன்னறைக்கு ஒன்று, சாமி அறைக்கு ஒன்று, அடுக்களைக்கு ஒன்று என்று தேங்காய் அளவில் உருண்டையாக மூன்று ஸ்பீக்கர்கள் இருந்தன. வயர் கிடையாது. வடிவின் ஒரே மகள் ஆவுடை, முதல் சம்பளத்தில் வாங்கி வைத்தது. வைஃபை பெட்டியோடு அவற்றைச் சேர்த்து, அந்தப் பெட்டியிலேயே வீடு முழுவதுக்கும் ஒரே பாட்டுக் கணக்கு ஆரம்பித்து, வீட்டுத் தலைவர் என்று அப்பா பேரையும் அதற்குக் கீழே அம்மா பேரையும் தன் பேரையும் அவளே எழுதிக்கொடுத்தாள். மூன்று பேரில் யார் எந்த ஊரில் இருந்துகொண்டு பாட்டைத் தட்டிவிட்டாலும் மூன்று உருண்டைகளும் ஒன்றுபோல் பாடும்.

ஆவுடை அப்புறம் இந்தூருக்கு வேலைக்குப் போனாள். போன இடத்தில் கூட வேலைபார்த்த பையனைப் பதிவு அலுவலகத்தில் வைத்துக் கல்யாணம் முடித்துக்கொண்டு, மாலையும் கழுத்துமாக ஒரு போட்டோ அனுப்பினாள்.

அவள் அப்பா ஆறுமுகநயினார் கடைகடையாகப் போய்த் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை வைக்கிற உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் ஒரு கை சீனியை எடுத்தால் எடை சொல்லிவிடுவார். ஒரு வார்த்தையை எடுத்தால் அதைத் திரும்ப வைக்கத் தெரியாது. இனிமேல் இந்த வீட்டில் அந்தப் பேர் கேட்கக் கூடாது என்றார். எதையும் ஒழுங்காகச் செய்கிற மனுஷன் என்பதால் வடிவின் போனை வாங்கி மகளின் நம்பரை எடுத்தார், தன் போனிலிருந்து எடுத்தார், சுவரில் இருந்த படங்களை எடுத்தார், படம் இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாகத் தெரிந்ததால் அதற்கு மேல் காலண்டரை மாட்டினார். பாட்டுக் கணக்கை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

கொஞ்ச நாள் வீடு மூச்சு விடாமல் இருந்தது. ஒரு காலையில் வடிவு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தபோது அடுக்களை உருண்டை தானாகக் கண்ணை முழித்து ஒரு பாட்டைப் பாடியது. ஆற்றோரம் நிற்கிற ஒரு பெண், அக்கரையில் விளக்குத் தெரிகிறதா என்று கேட்கிற பாட்டு. வடிவு கையில் கள்ளன் என்கிற நடுநரம்பைக் கிள்ளின பூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டவில்லை. அவர் குளித்துக்கொண்டிருந்தார். மிச்சம் ஒருத்திதான். அங்கேயும் அடுப்புப் பற்றவைத்தாயிற்று என்று வடிவுக்குத் தெரிந்துபோனது.

அதிலிருந்து தினமும் இந்தூரில் அவள் சமைக்க நுழைந்ததும் இங்கே பாட்டு வரும். தாளம் ஓட்டமாக இருந்தால் அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. மழைப்பாட்டு வந்தால் அங்கே மழை. பழைய டூயட் வந்தால் மாப்பிள்ளையும் அடுக்களையில் நிற்கிறான், பாத்திரமாவது கழுவுகிறான் போல என்று வடிவு தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். அவர் ஒருநாள், "என்ன, காலங்காத்தால பாட்டு?" என்று கேட்டதற்கு, "நாந்தான் போட்டேன்" என்றாள். அவர் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதை அவள் கவனித்தாள், ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் பக்கத்துத் தெருவில் இடி விழுந்து ஒரு வீட்டில் டீவியும் ஃபிரிஜ்ஜும் கருகிப்போயின. நயினார் அன்றைக்கே வைஃபை பெட்டியைத் தூக்கி இரும்பு பீரோவுக்குள் வைத்தார். எது பத்திரமாக இருக்க வேண்டுமோ அது பீரோவுக்குள் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். வீட்டுப் பத்திரம், வடிவின் நகை, அவர் ஆபீசுக்குக் கொண்டுபோன பித்தளை டிபன் கேரியர் எல்லாம் அங்கேதான். பீரோவின் முதுகில் ஒரு ஓட்டை போட்டு, வயரை உள்ளே விட்டு, கதவைப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். அன்றிலிருந்து பாட்டு உடைய ஆரம்பித்தது.

பல்லவி வரும், அனுபல்லவி வராது. வயலின் ஏறிக்கொண்டே போகும், போய்ச் சேராது. இரண்டு வரிக்கு நடுவில் ஒரு குழி விழும், அந்தக் குழிக்குள் வடிவு தாளிக்கிற கடுகு மட்டும் வெடிக்கும். கடைசி வரி என்பது ஒரு பாட்டுக்கும் வந்ததே இல்லை.

எதிர்வீட்டு பீரம்மா ஒருநாள் காலையில் உலைப்பானையை இடுப்பில் வைத்து, மேலே ஒரு தட்டைப் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"மதினி, உங்க வீட்டுப் பாட்டு எங்க பானையில வந்து விழுந்து கெடக்கு."

"எங்க வீட்டுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்ல இவ்வளவு உருக்கமா யாரு பாட்டு கேக்கா? எங்க மனுசரு கேக்கது வெங்காயம் வெலையும் மழைச் செய்தியும்தான். சீக்கிரம் எடுங்க, கையெல்லாம் அதிருது."

அடுக்களை உருண்டைக்குப் பக்கத்தில் பானையை வைத்துத் தட்டை விலக்கினாள் வடிவு. காலையில் காணாமல் போயிருந்த சரணம் உள்ளேயிருந்து சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து, அடுப்பு மேடையைக் கடந்துபோய், தன் இடம் எதுவோ அங்கே உட்கார்ந்தது. உருண்டை விட்ட இடத்திலிருந்து மறுபடி பாடி, குழியை நிரப்பிக்கொண்டு போனது. பெண்கள் இரண்டு பேரும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள். பிறகு வடிவு பானையை அலம்பினாள். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. கொல்லையில் பறித்த நாலு முருங்கைக்காயை ஒடித்துப் போட்டுக் கொடுத்தாள். பீரம்மா, "பாட்டுக்கு முருங்கைக்காயா, நல்ல யாவாரம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான், தெருவுக்குத் தெரிந்துவிட்டது. காய்ச்சல் வந்தால் கஷாயம், பந்தல் போட்டால் பாய் என்று எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறை வைத்திருக்கிற தெரு, இதற்கும் ஒரு நடைமுறையை மெல்ல மெல்லக் கண்டுபிடித்தது. வாய் அகலமான பாத்திரத்தில்தான் பாட்டு விழும், குறுகின வாய்ச் செம்பில் விழாது. உள்ளே ஈரம் இருந்தால் குரல் கம்மிவிடும். மூடாமல் உச்சிவெயில் வரை வைத்திருந்தால் புளித்துப்போய்ச் சுருதி இறங்கும். ஒரு கல் உப்புப் போட்டு வைத்தால் சாயங்காலம் வரை தாங்கும். தவில், மிருதங்கம் மாதிரியான கனமான துண்டுகள் அலுமினியப் பாத்திரத்தை நெளித்துவிடும் என்பதால் ராத்திரி கவிழ்த்து வைத்துவிட வேண்டும். எடுத்தவர்கள் ஒரு தரம் கேட்டுக்கொள்ளலாம், இரண்டாம் தரம் கேட்டால் அது திருட்டு. கேட்டு முடித்ததும் மூடி, பாட்டுக்குச் சொந்தக்காரியிடம் சேர்த்துவிட வேண்டும். வடிவும் சளைக்கவில்லை. தூக்குவாளி வந்தால் மாவடு போனது, குண்டான் வந்தால் அவித்த பனங்கிழங்கு போனது, ஒன்றுமில்லாத நாளில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது போனது.

தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி தேய்க்கிற மாசானத்துக்குக் கரிப்பெட்டிக்குள் விழுந்தது. தெரியாமல் தேய்த்துக் கொடுத்துவிட்டார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போன ஒரு கிளார்க்கின் காலர், மேலதிகாரி முன்னால் நிற்கிறபோது ஒரு முழுச் சரணத்தைப் பாடியதாம். அதிகாரி திட்ட வாயெடுத்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "முடியட்டும், அப்புறம் போங்க" என்றாராம். அன்றிலிருந்து மாசானத்திடம் வந்து, "நமக்கு வேட்டியில ஒரு ரெண்டு வரி விழுந்தா போடும் ஓய்" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர், "அது அந்த அம்மா சொத்து. கலெக்டர் கேட்டாலும் கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

இதில் ஒரு நயம் இருந்தது. பாட்டு எங்கேயிருந்து வருகிறது, யார் போடுகிறாள் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் பேர் சொன்னதில்லை. முன்னறையில் நயினார் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார் அல்லவா? அதனால் பாத்திரத்தைக் கொடுக்கிறபோது, "மதினி, அங்க குளிர் சாஸ்தி போல, போர்வையப் பத்தின பாட்டு விழுந்துருக்கு" என்பார்கள். "நேத்து சண்டை போட்டுருக்காவ, ஆனா இன்னைக்கு சரியாயிட்டு" என்பார்கள். எந்த வீட்டில், யாருக்கு என்று கேட்கிற மடையர் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

மார்கழியில் பாட்டின் போக்கு மாறியது. காலையில் ஒரு பாட்டு ஆரம்பிக்கும், இரண்டு வரி போவதற்குள் சட்டென்று நிற்கும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று ஆரம்பிக்கும், அதுவும் நிற்கும். இது உடைந்து நிற்கிற நிற்பு இல்லை, கையால் நிறுத்துகிற நிற்பு. வேலைக்குப் போகிற ஓட்டப்பாட்டு அறவே நின்றுபோனது. உச்சிப்பொழுதில், யாரும் பாட்டுக் கேட்காத நேரத்தில், மெதுவான பாட்டாக வந்தது. வடிவு உருண்டைக்குப் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு நின்றாள். காய்ச்சலோ, வேலை போயிற்றோ, அவனோடு ஏதும் மனத்தாங்கலோ? கடைசி வரி வந்தாலாவது பிள்ளையின் நிலவரம் முழுசாகத் தெரியும். தெருவில் உள்ள எல்லாப் பானையையும் எல்லாச் சட்டியையும் கேட்டுப் பார்த்தாயிற்று, ஒரு பாட்டின் கடைசி வரிகூட ஒருத்தர் வீட்டிலும் விழவில்லை.

பீரம்மா மூன்று பிள்ளை பெற்றவள். ஒரு காலை முழுக்க வடிவோடு அடுக்களையில் உட்கார்ந்து, பாட்டு ஆரம்பிப்பதையும் நிற்பதையும் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மதினி, இது மசக்கைப் பாட்டு."

"என்னட்டி சொல்லுத?"

"ஆரம்பிக்கா, கொமட்டுது, நிறுத்திட்டு ஓடுதா. வாயக் கழுவிட்டு வந்து வேற போடுதா. தாளிக்கிற மணம் ஆகல போல. எனக்கு மூத்தவன் வயித்துல இருக்கையில ரேடியோவ நிறுத்திட்டு நான் ஓடின ஓட்டம் எனக்குல்லா தெரியும்." பிறகு குரலை இறக்கி, விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "கணக்குச் சரின்னா சித்திரையில ஏழு" என்றாள்.

ஏழாம் மாசம் வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டிய மாசம். வடிவு எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தாள். இது மசக்கையா நோவா என்று நிச்சயமாகத் தெரியாது. தெரிந்தாலும் கேட்க நம்பர் கிடையாது. அவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்கிறது இந்த உடைந்த பாட்டு ஒன்றுதான், அதைச் சரிபண்ண வேண்டும், அறுந்துபோகாமல் சரிபண்ண வேண்டும்.

வைஃபை இணைப்புக் கொடுக்கிற மரியதாஸைக் கூப்பிட்டாள். மரியதாஸ் பேச்சில் நிதானமான ஆள். கையில் போனை விளக்கு மாதிரி ஏந்திக்கொண்டு அறை அறையாக நடந்து, எந்த இடத்தில் சிக்னல் மெலிகிறது என்று பார்த்தான். உருண்டையை மைக்ரோவேவ் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தான். சாமி அறைக் கண்ணாடியைத் திருப்பினான். எதிர்வீட்டு வைஃபையும் இந்த வீட்டு வைஃபையும் ஒரே பாதையில் போய் முட்டிக்கொள்கின்றன என்று ஒன்றை வேறு பாதைக்கு மாற்றினான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாட்டு இன்னும் ஒரு வீடு தள்ளிப் போய் விழுந்ததே தவிர உடையாமல் வரவில்லை. கடைசியில் பீரோ முன்னால் வந்து நின்றான்.

"ஐயா, பெட்டிய இதுக்குள்ளயா வச்சிருக்கீங்க?"

"ஆமா. என்ன இப்போ?"

"இரும்புக்குள்ள வச்சா அது எப்படி ஐயா வெளிய வரும்? மனுசன வச்சுப் பூட்டினாலே கத்தினாதான் கேக்கும்."

"இடி விழும் ஓய்."

"ஐப்பசி போயி தை வந்துட்டே ஐயா."

"கோடை இடி இருக்குல்லா?"

மரியதாஸ் வடிவைப் பார்த்தான். அப்புறம் அடுக்களைக்கு வந்து தண்ணி வாங்கிக் குடிக்கிற சாக்கில் சொன்னான்: "ஒண்ணு பெட்டி வெளிய வரணும். இல்லேன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லருந்து போட்டுப் பாக்கலாம், ரீசெட்னு சொல்லுவோம். ஆனா அழிச்சா பாட்டுக் கணக்குல இருக்க ஆள் எல்லாரும் போயிருவாங்கம்மா. வீட்டுத் தலைவர் திரும்ப ஒவ்வொரு பேரா உள்ள கூப்பிடணும்."

வடிவுக்குக் கையில் இருந்த செம்பு கனத்தது. பேரே கேட்கக் கூடாது என்றவர் பேரைச் சொல்லி உள்ளே கூப்பிடுவாரா? "அழிக்க வேண்டாம்பா" என்றாள்.

"அழிச்சாத்தான் சரியாகும்னா அழிச்சிர வேண்டியதுதான" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. பாதிச் சேதிதான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது, அந்த வீடு அப்படி.

அதற்குப் பிறகு மரியதாஸ் பெட்டியை ரீசெட் பண்ணுகிற ஊசியும் கையுமாக வந்தபோதெல்லாம் வடிவு காலண்டரை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒருநாள் அஷ்டமி, அஷ்டமியில் அழித்தது திரும்ப வராது. ஒருநாள் கரிநாள். ஒருநாள் செவ்வாய்க்கிழமை. ஒருநாள் எல்லாம் நன்றாக இருந்தது, அன்றைக்கு மரியதாஸே, "இன்னைக்கு எங்களுக்கு ஒருசந்தி நோன்பு, நான் ஒண்ணையும் அழிக்க மாட்டேன்" என்று அவளைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனான். நயினார் நாள் பார்க்கிறவர். அதனால் தள்ளிப்போட ஒத்துக்கொண்டார், தள்ளிப்போடுவதில் அவருக்கும் ஒரு நிம்மதி இருந்த மாதிரிப் பட்டது.

பங்குனியில்தான் கைமீறிப் போனது. தெருச் சங்கத் தலைவர் கொம்பையா சார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள். கேசரிச் சட்டியைத் திறந்ததும் உள்ளேயிருந்து நெய் மணத்தோடு ஒரு பிரிவுப்பாட்டின் நடுத்துண்டு எழுந்து கூடத்தைச் சுற்றிவந்தது. மாப்பிள்ளையின் அம்மா விம்மி விம்மி அழுது, தான் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்கான தம்பியை நினைத்துக்கொண்டு, கேசரியைத் தொடாமல் எழுந்து அந்தத் தம்பி வீட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். சம்பந்தம் அந்தரத்தில் நின்றது. கொம்பையா சார் மறுநாளே சங்கத்து ஆட்களோடு வந்தார். பீரம்மா, மாசானம் என்று வேடிக்கை பார்க்கிறவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

"நயினார் சார், கோவிச்சுக்கிடக் கூடாது. பாட்டு நல்ல பாட்டுதான். ஆனா ஒரு எடத்துல விழுதுக்கு ஒரு நேரங்காலம் வேண்டாமா?"

"வாஸ்தவம்" என்றார் நயினார். அடுத்தவர் வீட்டில் தன்னால் ஒரு குந்துமணி எடை கூடிப்போவதும் அவருக்குப் பொறுக்காது. "மரியதாஸ வரச்சொல்லுங்க. இன்னைக்கே அழிச்சிருதேன்."

வடிவு காலண்டரைப் பார்த்தாள். சுபமுகூர்த்த நாள் என்று போட்டிருந்தது.

மரியதாஸ் வந்தான். பெட்டியின் முதுகில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதில் ஊசியை விட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றான். "நானே அமுக்குதேன், நீரு தள்ளி நின்னு சொல்லும்" என்று நயினார் ஊசியை வாங்கிக்கொண்டார். எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்று, பீரோக்கதவைக் கை நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்தார். வடிவு சாமி அறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுக்களையில் அந்த நேரம் பார்த்து, உச்சிப்பொழுதின் மெதுவான பாட்டு ஒன்று, விட்டு விட்டு, வழி கேட்டு வருகிற ஆள் மாதிரி வந்துகொண்டிருந்தது.

"ஐயா, அமுக்குமுன்ன ஒண்ணு" என்றான் மரியதாஸ். "அழிச்சா ஆள் எல்லாரும் போயிருவாங்க, தெரியும்லா?"

"எந்த ஆளு?"

"கணக்குல உள்ள வீட்டு ஆளுங்க. இதுல மூணு பேர் இருக்காங்க ஐயா."

தெரு முழுக்கத் தரையைப் பார்த்தது. மூன்றாவது யார் என்று யாரும் கேட்கவில்லை. நயினாரின் கை ஊசியோடு பீரோவுக்குள் இருந்தது. கையை வெளியே இழுக்கிறபோது உள்ளே ஏதோ தட்டுப்பட்டது. பித்தளை டிபன் கேரியர் சரிந்து, கதவை இடித்துத் திறந்துகொண்டு தரையில் உருண்டது. அதன் அடுக்குகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. உள்ளே அடைத்து வைத்திருந்த கடைசி வரிகள் எல்லாம் வெளியே வந்தன.

ஐப்பசியிலிருந்து வராமல்போன கடைசி வரிகள் அத்தனையும். ஒன்றை ஒன்று இடிக்காமல், கோயில் விட்டு வருகிற கூட்டம் மாதிரி வந்தன. ஆற்றங்கரைப் பெண் விளக்கைப் பார்த்துவிட்டேன் என்றாள், மழைப்பாட்டு நனைந்தபடி வந்து நின்றது, போர்வைப் பாட்டு தன்னை மூடிக்கொண்டு படுத்தது. ஒவ்வொரு வரியின் அடியிலும், உமி ஒட்டியிருக்கிற மாதிரி, இந்தூர் அடுக்களையின் ஓசைகள் ஒட்டியிருந்தன: குழாயை மூடுகிற சத்தம், அடுப்பைத் திருகி அணைக்கிற சத்தம், வளையல் ஒன்று மேடையில் தட்டுகிற சத்தம். மார்கழி தாண்டின வரிகளின் அடியில், ஒரு நாற்காலியை இழுத்து, கையை ஊன்றி, "அம்மாடி" என்று மூச்சு விட்டுக்கொண்டு ஒருத்தி உட்காருகிற சத்தம். வயிறு கனக்கிறவள் உட்காருகிற உட்காரல் அது. பீரம்மா வடிவின் தோளைப் பிடித்து அமுக்கினாள். வடிவுக்கு நிச்சயமாகிவிட்டது.

கடைசி வரியும் ஓய்ந்த பிறகு வடிவு பீரோ அருகே போனாள்.

"இத்தனை மாசமா இத நீங்க கேட்டுக்கிட்டா இருந்தீய?"

நயினார் ஊசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "முதல்ல தானா உள்ள தங்கிப்போச்சு. அப்புறம் நான்தான் கேரியரத் தெறந்து வச்சேன்." ஊசியை விரலில் உருட்டிக்கொண்டே, "கடைசி வரி வந்துட்டா பாட்டு முடிஞ்சிரும்லா வடிவு. அதான் எடுத்து வச்சேன்" என்றார்.

"முடிஞ்சாத்தான அவ அடுத்த பாட்டு போடுவா!" என்றாள் வடிவு. அவரிடம் அவள் சத்தம் போட்டு அந்தத் தெரு கேட்டதில்லை. "வயித்துப்பிள்ளக்காரி மூச்சு வாங்குதா, அத டிபன் கேரியர்ல போட்டுப் பூட்டி வச்சிருக்கீயளே, நல்லாருக்கா உங்களுக்கு? நான் காய்ச்சலோ என்னமோன்னு ராவெல்லாம் செத்துச் செத்துப் பொழைக்கேன். உங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா?"

கொம்பையா சார் கனைத்துக்கொண்டு, "சரி, நாம வெளிய நிப்போம்" என்றார். ஒருத்தரும் நகரவில்லை, அவரும் நகரவில்லை.

நயினார் ஊசியை மரியதாஸ் கையில் கொடுத்தார். பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து, பச்சைப்பிள்ளையைக் கொடுக்கிற மாதிரி, நீட்டினார். "எங்க வைக்கணுமோ அங்க வையும்."

மரியதாஸ் அதை வீட்டின் நடுவில், சாப்பாட்டு அறை நிலைக்கு மேலே இருந்த பலகையில் வைத்தான். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அடுக்களையில் தடுக்கிக்கொண்டிருந்த பாட்டு சட்டென்று நிமிர்ந்து, சாமி அறை, முன்னறை என்று மூன்று உருண்டைகளிலும் ஒன்றாக, ஒரு பிசிறு இல்லாமல், வாசல் வரை நடந்து வந்தது. தெருவில் ஒரு பாத்திரத்திலும் ஒன்றும் விழவில்லை. மாசானம் மட்டும், "இனிமே நமக்கு ஒண்ணும் கிடையாது" என்று முணுமுணுத்தார்.

"இப்ப நல்லா வருது ஐயா" என்றான் மரியதாஸ். போனை நயினார் பக்கம் திருப்பிக் காட்டினான். "இதுல இன்னொரு வசதியும் இருக்கு. இந்த இடத்த அமுக்கிட்டுப் பேசினா கணக்குல உள்ளவங்க எங்க இருந்தாலும் அங்க கேக்கும். சும்மா, தெரிஞ்சு வச்சுக்கிடுங்க." சொல்லிவிட்டு, அவிழ்ந்தே இல்லாத செருப்பு வாரைக் குனிந்து கட்ட ஆரம்பித்தான்.

நயினார் போனை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வீடு முழுக்கப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் பெருவிரலை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்து, கடைக்காரரிடம் தராசு சரியில்லை என்று சொல்லுகிற அதே குரலில் சொன்னார்:

"ஏட்டி ஆவுடை. இங்க பாட்டு விட்டு விட்டு வருது. ஒருத்தனுக்கும் சரிபண்ணத் தெரியல. நீதான் வந்து பாக்கணும்."

மரியதாஸ் நிமிர்ந்து வாயைத் திறந்தான். பீரம்மா அவன் கையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள். வடிவு அடுக்களைக்கு ஓடினாள், பிசிறில்லாமல் பாடிக்கொண்டிருந்த உருண்டையின் மேல், அது இந்தூருக்குக் கேட்டுவிடாதபடி, முந்தானையைப் போட்டு அமுக்கினாள். சாமி அறையில் கொம்பையா சார் தன் துண்டால் அதையே செய்தார்.

அமுக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டு தானாகவே, ஒரு வரியின் பாதியில், கையால் நிறுத்தினபடி நின்றது. நெட்டைக்கிணற்றுத் தெருவில் யாரும் இருமவில்லை. நாற்காலி ஒன்று நகர்கிற சத்தம் வந்தது. அப்புறம் மூன்று உருண்டைகளிலும் ஆவுடை கேட்டாள்.

"எந்த ரூம்லப்பா விட்டு விட்டு வருது?"

நயினார் திரும்பி முன்னறையைப் பார்த்தார், சாமி அறையைப் பார்த்தார், நீளமாகப் போகிற வீட்டின் கடைசியில் முந்தானையோடு நிற்கிற வடிவைப் பார்த்தார்.

"எல்லா ரூம்லயும்தான்" என்றார்.